மழை எப்ப விடுவீங்க

காட்சி பதினொன்று. வெளியே. மாலை. மழை.
அந்தக் கடைசிச் சொல்லுக்குத்தான்
எங்களிடம் காசில்லை.

மூன்று மாதம் ஆளுக்கு இருநூறு சேர்த்தோம்.
தீர்த்தகிரி கூரியர் போடுகிறவன், இயக்குநர்.
ஷபானா கல்யாண வீடியோ எடுப்பாள்,
முகூர்த்தமில்லாத நாட்களில் அவள் கேமரா எங்களுடையது.
சென்றாயன் மொபைல் கடையில் டெம்பர் கிளாஸ் ஒட்டுகிறவன்.
நடுங்காத கை.
வசனம் வந்தால் மற்றதெல்லாம் நடுங்கும்.
நான் ஒலி:
ஒட்டடைக் கம்பின் நுனியில் ஒரு மைக்.

ஊர் பெரும்பாலை.
பெயரிலேயே பாலை இருக்கிற ஊரில்
பெயரிலேயே தீர்த்தம் இருக்கிறவன்
மழை எழுதியிருக்கிறான் என்று
மாதேஸ்வரி சிரித்தாள். வசனம் அவள்தான்.

லாரித் தண்ணீர் பன்னிரண்டாயிரம் லிட்டர்,
ஆயிரத்து எண்ணூறு ரூபாய், டிரைவர் பேட்டா தனி.
ஓஸ் பைப் வாயில் பூவாளியைக் கட்டிப்
புளியமரத்துக் கிளையில் ஏற்றினோம்.
நாலரை வெளிச்சம் நாங்கள் கேட்டபடியே இருந்தது.

லாரி உறுமி அடங்கிய சத்தம்
ஹெட்போனை விட்டுப் போவதற்குள்
இன்னொன்று கேட்டது.
பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசும் சத்தம்.

பச்சை, ஊதா, ஆரஞ்சு.
யாரும் கூப்பிடவில்லை.
ஃபிரேமின் இடது ஓரத்திலிருந்து
குடங்கள் வந்து வரிசையில் உட்கார்ந்தன.

“இது சினிமாவுக்குங்க” என்றான் தீர்த்தகிரி.
“ஆகட்டும். சினிமாத் தண்ணியும் தண்ணிதான?”
மாதம்மா இடுப்புக் குடத்தை இறக்கினாள்.
குழாய் வந்து ஒன்பது நாளாகிறதாம்.
மலைக்கு அந்தப் பக்கம் காவிரி
பாறையில் விழுந்து புகைந்துகொண்டிருக்கிறது,
படம் பிடித்துக்கொள்ள பஸ் பஸ்ஸாக ஆட்கள் போகிறார்கள்.

“சரி, மழ எப்ப விடுவீங்க?”

மழை எப்போது விடும் என்று கேட்கிறவர்களை எனக்குத் தெரியும்.
குடையை மறந்தவர்கள்.
எப்போது விடுவீர்கள் என்று கேட்க
ஒன்பது நாள் வேண்டும்.

பேசி முடிவானது:
ஒரு நிமிடம் மழை, மீதி ஊருக்கு.
சென்றாயன் நனைந்தபடி காதலைச் சொல்வான்,
அவ்வளவுதான், அப்புறம் எடுத்துக்கொள்ளுங்கள்.

விட்டோம்.
அவன் “நான்” என்றான்.
அதற்குமேல் அவனைக் காணோம்.
மரத்தடிக்கு ஓடிவந்த குடங்களுக்கு நடுவில்
தலைமயிர் மட்டும் தெரிந்தது.
யாரோ அண்டாவே கொண்டுவந்திருந்தார்கள்.
ஷபானா நிறுத்தவில்லை.
கட் சொல்ல வேண்டியவன்
பூவாளியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு
பைப்பை மாதம்மாவின் குடத்துக்குள் விட்டுக்கொண்டிருந்தான்.

குடம் நிறைகிற சத்தம் உங்களுக்குத் தெரியும்.
அடியில் தடித்த குரல்,
ஏற ஏற மெலிந்து,
கழுத்தில் ஒரு கீச்சு,
பிறகு ஒன்றுமில்லை.
அன்றைக்கு எண்பத்து மூன்று.
எல்லாவற்றையும் பதிந்தேன்.

பால் சொசைட்டிச் சுவரில் திரையிட்டோம்.
ஏழு நிமிடம். காதல் இல்லை.
“அது என் கொடம்” என்று ஒரு குரல்,
“அந்தச் சொட்ட உழுந்தது உன்னுதா?” என்று இன்னொன்று,
முழுப் படமும் இப்படித்தான் ஓடியது.
பஞ்சாயத்து கிளார்க் நின்றபடியே பார்த்தார்,
விளக்குப் போடும் முன் வண்டியை எடுத்துவிட்டார்.

மறுநாளே குழாய் வந்தது என்று முடித்தால் நன்றாயிருக்கும்.
வந்ததும் உண்மை.
ஆனால் அது பதினோராம் நாள்,
எப்போதும் வருகிற பதினோராம் நாள்.

போன வாரம் மாதம்மா போன் போட்டாள்.
“அடுத்த படத்துலயும் மழ இருக்குதா?”
அடுத்த கதை முழுக்க
ஒரு ஏடிஎம் அறைக்குள் நடக்கிறது.
தீர்த்தகிரி எங்கள் முகத்தைப் பார்த்தான்.
“இருக்குதுங்க” என்றான்.

இந்த மாதத்திலிருந்து ஆளுக்கு முந்நூறு.